பத்தியத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை, உன் சின்ன மகள் எல்லாம் சொல்லிவிட்டாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கல்லாக உப்பிக்கொள்கிறதாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து புளித்த ஏப்பம் விடுகிறாயாம். நான் கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லடி, லேசா கேஸ்" என்பாய். போனில் பேசினால் பாதியில் குக்கர் கூவும், அத்தான் கூப்பிடுவார், "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். நீ எதையெல்லாம் நிறுத்திவிட்டாய் என்று சின்னவளிடம் கேட்டேன். சொல்லச் சொல்ல முடியவில்லை அவளுக்கு. எதிர்வீட்டு அம்மா சொன்னார்கள் என்று கத்தரிக்காய். வாயு என்று உருளைக்கிழங்கும் வாழைக்காயும். சூடு என்று முட்டையும் மீனும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று தக்காளி. அப்புறம் புளி, தேங்காய், மிளகாய், எண்ணெய். கடைசியில் மிஞ்சியது தயிர்சாதமும் ரஸ்க்கும் ராத்திரிச் சப்பாத்தியும் குருமாவும். இவ்வளவையும் விட்ட பிறகும் வயிறு உப்புகிறது என்றால், நீ விட்டதில் முக்கால்வாசி இந்த வழக்கில் சம்பந்தமே இல்லாதவை என்றுதானே அர்த்தம்? ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். இந்தக் கடிதத்தில் அதுதான் முக்கியம்.

தை மாதம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் உன் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். சாம்பாருக்குக் கையை நீட்டித் தடுத்தாய். அவியலுக்கும் தடுத்தாய். வத்தக்குழம்பு வாளிக்காரர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். மோர் வந்ததும் நாலு வாய் சாப்பிட்டு இலையை மடக்கினாய். பிறகு மண்டபத்து மாடி அறையில் புடவையைத் தளர்த்தியபோது பார்த்தேன், பாவாடை நாடா இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. நாடாவைத் தளர்த்தத் தோன்றவில்லை உனக்கு. கைப்பையைத் திறந்து, இரண்டு அட்டையிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை பிதுக்கி விழுங்கினாய். ஒன்று கேஸ் மாத்திரை, இன்னொன்று முட்டிவலிக்கு. இரண்டும் சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அந்த அட்டைகளை வாசற்படியிலிருந்தே அடையாளம் தெரியும். கல்யாண வீட்டில் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த முட்டிவலி மாத்திரை டைக்ளோஃபினாக். வலியைக் குறைக்கிற அதே வேலையில், இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சுரப்பையும் அது குறைத்துவிடும். மாதக் கணக்கில் போட்டால் புண் வரலாம். சில பேருக்கு வலியே தெரியாமல் வந்து, ரத்தம் கசிந்த பிறகுதான் தெரியவரும். உன் வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, அது வயிற்றோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் தொடும். நீ கத்தரிக்காயை நிறுத்திவிட்டு இதைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருக்கிறாய். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். முட்டிக்கு வேறு வழி உண்டு: வெந்நீர் ஒத்தடம், தொடைக்கான பயிற்சி, தாங்க முடியாத நாளில் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இருப்பது இரண்டு தொல்லை. இரண்டையும் "கேஸ்" என்று ஒரே மூட்டையில் கட்டியதுதான் குழப்பம். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் மேலே, இரைப்பையும் உணவுக்குழாயும் சேருமிடத்தில் நடப்பவை. வயிறு உப்புவது பெரும்பாலும் கீழே, குடலில். கேஸ் மாத்திரை என்று நீ போடும் பான்டோபிரசோல் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை. குடலில் உண்டாகும் வாயுவை அது ஒன்றும் செய்யாது. எரிச்சல் குறைகிறது, உப்புசம் அப்படியே இருக்கிறது, ஆகவே இன்னொரு மாத்திரை, கூடவே ஒரு சோடாவோ ஈனோவோ என்று போகிறாய். சோடாவிலும் ஈனோவிலும் வரும் ஏப்பம், பாதி அந்தத் தண்ணீரில் இருந்த வாயுவே. உனக்கு பிரஷர் வேறு. ஈனோவில் இருக்கும் சோடியம் உப்புக் கணக்கில்தான் சேரும்.

எரிச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். அது சுலபம். அமிலம் அதிகம் சுரப்பதால்தான் நெஞ்சு எரிகிறது என்று நினைக்கிறாய். பல பேருக்குச் சுரப்பது சரியான அளவுதான். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. இரைப்பை அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அது தளர்ந்திருக்கும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுப்பது, மூடி சரியாக இல்லாத சொம்பை நிறையத் தண்ணீரோடு சாய்த்து வைப்பது மாதிரி. சீரியல் முடிந்து பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குக் கட்டில் என்று இருக்கும்வரை எந்த உணவை நிறுத்தியும் பயனில்லை. ஏழரைக்குச் சாப்பிடு. படுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் வயிற்றுக்கு அவகாசம் கொடு. அத்தான் கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவார் என்று காத்திருக்காதே. கூட உட்கார்ந்து பரிமாறு, பேசு. உன் தட்டு மட்டும் முன்னாலேயே முடியட்டும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல், ஆடாமல், கெட்டியாக வைக்கச் சொல். ஆறு அங்குலம் உயரும். தலையணையை அடுக்கினால் அந்தப் பலன் வராது. இடுப்பு மடங்கி வயிறு அமுங்கி இன்னும் மோசமாகும். இடது பக்கம் சரிந்து படு. இரைப்பையின் வளைவு அப்படி அமைந்திருப்பதால் அந்தப் பக்கம் படுத்தால் அமிலம் மேலே வருவது குறையும். எனக்கு இந்தச் செங்கல் வைத்தியம் கேட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் தூக்கத்தில் வழுக்கிக் கீழே வருவதாக இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாவாடை நாடாவை விட்டுவிட்டேனே. இறுக்கிக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் மேலே ஏறும், எதுக்களிக்கும். எலாஸ்டிக் பாவாடை கடையில் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும்போது நைட்டி போதும். யார் என்ன சொல்லப் போகிறார்கள்.

மாத்திரையைப் பற்றி ஒரே விஷயம். பான்டோபிரசோல் வலிக்கும்போது போடுவது இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டியது. சாப்பிட்டவுடன் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். பந்தியில் சாப்பிட்டுவிட்டு விழுங்கியதில் பாதி வீண். வருஷக் கணக்கில் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. சில வாரம் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரந்து, எரிச்சலும் கூடலாம். "பாத்தியா, இது இல்லாம முடியல" என்று மறுபடி ஆரம்பிப்பாய். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று, கால் மதமதவென்று இருக்கிறது, சர்க்கரைதான் காரணம் என்றாயே, அதையும் அப்படியே நம்பிவிடாதே. இந்த மாத்திரையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் நாள்பட்டால் இரண்டுமே பி12 வைட்டமினைக் குறைக்கும். உடம்பில் பி12 குறைந்தாலும் கால் மதமதக்கும். முட்டையையும் மீனையும் நிறுத்தியவள் நீ, கேட்கவா வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி உப்புசம். இதில்தான் நம் அனுபவ அறிவும் புது விஞ்ஞானமும் எங்கெங்கோ ஒத்துப்போய், எங்கெங்கோ முட்டிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பீட்டர் கிப்சன் என்ற மருத்துவரும் சூ ஷெப்பர்ட் என்ற உணவியல் நிபுணரும் 2005 வாக்கில் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சில வகைச் சர்க்கரைகளும் மாவுச்சத்துகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் கீழே இறங்குகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. அந்தச் சத்துகள் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கின்றன. குடல் கொஞ்சம் உணர்ச்சி மிகுந்ததாக இருப்பவர்களுக்கு அது உப்புசமாகவும் வலியாகவும் தெரிகிறது. அந்தச் சத்துகளுக்கெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர். எந்தெந்த உணவில் அது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அளந்தும் வைத்திருக்கிறார்கள்.

அந்த அளவுகளைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். நீ தள்ளிவைத்த கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் அளவாகச் சாப்பிட்டால் ஒரு தொல்லையும் தராத பக்கத்தில் இருக்கின்றன. முட்டையிலும் மீனிலும் புளிக்கிற மாவுச்சத்தே கிடையாது. அரிசியும் குற்றமில்லாதது. சந்தேகமே படாமல் தினமும் சாப்பிடுகிற கோதுமை, வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பால் ஆகியவைதான் எதிர்ப்பக்கத்தில் முன்வரிசை.

உன் ராத்திரித் தட்டை நினைத்துப் பார். சர்க்கரைக்கு நல்லது என்று மூன்று சப்பாத்தி, வெங்காயமும் பூண்டும் வதக்கிய கொண்டைக்கடலைக் குருமா. வயிறு சரியில்லை என்று அதன்மேல் ஒரு டம்ளர் பூண்டுப் பால். சர்க்கரைக்குச் சொன்ன யோசனையும் வாயுவுக்குச் சொன்ன யோசனையும் ஒரே வயிற்றில் சந்தித்துக்கொள்கின்றன. நடுவில் நீ அவதிப்படுகிறாய். பூண்டுப் பால் எத்தனையோ பேருக்கு ஒத்துக்கொள்கிறது, அம்மாவுக்கும் ஒத்துக்கொண்டது. பூண்டும் பாலும் சேராத வயிற்றுக்கு அது மருந்தாகாது, அவ்வளவுதான்.

அதற்காகப் பூண்டு வாசனையே இல்லாமல் சமைக்க வேண்டாம். பூண்டில் உள்ள அந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தாளிக்கும்போது இரண்டு பல்லை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பூண்டை எடுத்து அத்தான் தட்டில் போட்டுவிடு. மணம் எண்ணெயில் இருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை நறுக்கிப் போடலாம். பெருங்காயம் இருக்கவே இருக்கிறது. வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துத்தானே சமாளிக்கிறார்கள்.

சுண்டல் பிடிக்குமென்றால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, கால் கிண்ணம் மட்டும். ஊறின தண்ணீரில் சத்து போய்விடும் என்று அதையே ஊற்றி வேகவைப்பாயே, உன் வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பாலைப் பொறுத்தவரை, வளர்ந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது நம் ஆட்களில் சர்வ சாதாரணம். தயிரிலும் மோரிலும் புளிக்கும்போதே அந்தச் சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. பால் சேராதவர்களுக்கும் மோர் சேர்வது அதனால்தான். ராத்திரிப் பாலை விடு, மோரை விடாதே. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் காபியை இட்லிக்குப் பிறகு தள்ளிவைத்துப் பார். காபியே குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை.

மிளகாயையும் எண்ணெயையும் விட்ட பிறகும் நீ விடாத சாத்தூர் சேவு விஷயத்தில் மட்டும் பேரத்துக்கு இடமில்லை. கடலை மாவு, எண்ணெய், மிளகாய், பூண்டு நான்கும் ஒரே பொட்டலத்தில். எண்ணெய் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து யார் வாங்கி வந்தாலும் ஒரு பிடியோடு நிறுத்து.

அத்தான் உனக்காக வாங்கி வருகிற "சுகர் ஃப்ரீ" மிட்டாய், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படி. சார்பிட்டால், மால்டிட்டால் என்று போட்டிருந்தால் அவையும் குடலில் புளிக்கிற ஜாதிதான். வெல்லம் சாப்பிடாமல் தியாகம் செய்து, அதற்குப் பதில் இதைச் சாப்பிட்டு வயிறு உப்பிக்கொண்டிருப்பது என்ன கணக்கு? மெட்ஃபார்மினும் பல பேருக்கு வயிற்றை உப்பவைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது, சர்க்கரை டாக்டரிடம் கேள். நீயாக நிறுத்திவிடாதே, அது வேறு வம்பு.

இவ்வளவையும் படித்துவிட்டு, "சரி, கோதுமை வேண்டாம், வெங்காயம் வேண்டாம், பால் வேண்டாம்" என்று உன் தடைப்பட்டியலில் இன்னும் நாலு சேர்த்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அக்கா, அதைச் செய்தால் இந்தக் கடிதம் எழுதியதே வீண். பத்தியம் என்றால் அதற்கு ஒரு கடைசி நாள் வேண்டும். மூத்தவளைப் பெற்றபோது அம்மா உனக்கு எத்தனை கறாராகப் பத்தியச் சாப்பாடு போட்டாள்! அதே அம்மாதான், நாள் வந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துத் தேற்றினாள். முதலில் கீரை, அப்புறம் புளி, அப்புறம் மீன். ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இரண்டு நாள் பொறுத்து மறுபடி கொஞ்சமாக. மோனாஷ்காரர்கள் சொல்வதும் இதேதான். விலக்கிவைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து, முடிந்தவரை பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க விலக்கிவைத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும், உடம்பும் இளைக்கும். உனக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு உணவியல் நிபுணரைக் கேட்டுச் செய்வதே நல்லது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள்.

அதுவரைக்கும் இப்படிச் செய். கணக்கு எழுதும் பழைய டைரி ஒன்றை எடு. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, பிறகு எரிந்ததா, உப்பியதா, காலையில் வெளியே நன்றாகப் போனதா, அவ்வளவுதான். வெளியே போகாத நாளில் எதைச் சாப்பிட்டாலும் உப்பும். உன் உப்புசத்தில் மலச்சிக்கலுக்குப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் ஊகம். நீ குடிக்கும் தண்ணீரின் அளவு எனக்குத் தெரியாததா. முதல் இரண்டு வாரம் எந்த உணவையும் மாற்றாதே. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்று. நின்றுகொண்டே அவசர அவசரமாக விழுங்குவதை விடு, அப்படிச் சாப்பிட்டால் சோற்றோடு காற்றும் உள்ளே போகும். சாப்பிட்டபின் தெருக்கோடி வரை மெதுவாக நட. அதற்கு அடுத்து, ராத்திரிச் சப்பாத்திக்கும் குருமாவுக்கும் பதில் மூன்று இட்லி, அல்லது அளந்து வைத்த ஒரு கரண்டிச் சோறும் மிளகு ரசமும் பீன்ஸ் பொரியலும் ஒரு முட்டையும். சர்க்கரை ஏறுகிறதா என்று மெஷினில் பார்த்துக்கொள். அப்புறம் பால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

கைவைத்தியங்களைக் குறை சொல்ல மாட்டேன். சீரகத் தண்ணீர், ஓமம், சுக்கு, சுண்டைக்காய் வத்தல் எல்லாம் குடி, சாப்பிடு, இதமாக இருந்தால் நல்லதுதான். புதினாவில் மட்டும் ஒரு சிக்கல். குடலின் பிடிப்பைத் தளர்த்தி உப்புசத்துக்கு நல்லது செய்யும், அதே வேகத்தில் மேலே இருக்கும் சுருக்குத் தசையையும் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கூட்டும். உனக்கு இரண்டும் இருப்பதால் பார்த்துக் குடி. காலையில் வெறும் வயிற்றில் ஆப்பிள் சிடர் வினிகர் குடிக்கச் சொன்னார்களாமே, அந்த பாட்டிலைப் பாத்ரூம் கறை போக்க வைத்துக்கொள். எரிகிற தொண்டையில் புளிப்பை ஊற்றச் சொல்கிறவர்களிடம் என்ன பேசுவது.

"எனக்கு அல்சர், கோபப்பட்டு, காரம் தின்னு வந்தது" என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். எந்தப் பரிசோதனையும் செய்யாமல் நீயே சூட்டிக்கொண்ட பட்டம் அது. டாக்டர்களே ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு பேர், இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்றபோது யாரும் காது கொடுக்கவில்லை. அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கேட்டார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே எடுத்துக் குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை அழன்று கிடந்தது, கிருமியும் இருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி நம் நாட்டில் மிகப் பரவலாக இருக்கிறது. எல்லோருக்கும் தொல்லை தராது. தந்தால், இரண்டு வார ஆன்டிபயாட்டிக் கூட்டு மருந்தில் பெரும்பாலும் போய்விடும். உனக்கு இருந்தால், எத்தனை வருஷம் தயிர்சாதம் சாப்பிட்டாலும் அது போகாது. மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்கிறார்கள், இல்லாவிட்டால் எண்டோஸ்கோப்பியில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அதனால் நீ என்னென்ன போடுகிறாய் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். அட்டைகளையே கையில் எடுத்துப் போ.

இப்போது அந்த ஜாக்கெட் விஷயம். உன் வயதில், முயற்சி செய்யாமல் உடம்பு இளைத்தால், அதைச் சாப்பாடு குறைந்ததன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. குறைவாகச் சாப்பிட்டதுதான் காரணமாக இருக்கலாம், இருக்கட்டும். ஆனாலும் பார்த்துவிட வேண்டும். உணவு விழுங்கும்போது மாட்டிக்கொள்வது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, வாந்தி நிற்காமல் இருப்பது, ரத்தசோகை, இவற்றில் எது இருந்தாலும் நாள் தள்ளக் கூடாது. எண்டோஸ்கோப்பி என்றதும் பயப்படாதே. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, விரலைவிட மெல்லிய குழாயை விடுவார்கள், சில நிமிஷ வேலை. வெறும் வயிற்றோடு போக வேண்டும். அன்றைக்குச் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்.

வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். இதை அத்தானிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மூத்தவளிடம் சொல். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குப் புதிதாக உப்புசம் வந்து நாள் கணக்கில் போகாமல் இருந்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டால், அடிக்கடி சிறுநீர் வந்தால், சினைப்பையைப் பார்த்தாக வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் காட்டும் அறிகுறிகள் பெரும்பாலும் இவை மாதிரிதான், எல்லோரும் "கேஸ்" என்று விட்டுவிடுவார்கள். உனக்கு அது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. இல்லை என்று ஸ்கேன் சொல்லட்டும், எதிர்வீட்டு அம்மா சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் மறக்காதே. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குவது, தாடையிலோ தோளிலோ கையிலோ வலி என்று வந்தால் ஈனோவைத் தேடாதே. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமல் வெறும் நெஞ்சுக் கரிப்பாகவே வரலாம். கேஸ்தான் என்று சோடா குடித்துக்கொண்டே போனவர்களை எங்கள் நிலையத்துக்குத் தூக்கி வந்தபோது பார்த்திருக்கிறேன். 108-ஐக் கூப்பிட்டு, நேரே ஈ.சி.ஜி. எடுக்கப் போ. கேஸ் என்று தெரிந்து திரும்பினால் சந்தோஷம்.

உங்கள் கோவில்பட்டியில் எண்டோஸ்கோப்பிக்கு நாள் தள்ளிக் கொடுத்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. தனியாகப் போகாதே, சின்னவளைக் கூட்டிக்கொள். மாத்திரை அட்டைகள், சர்க்கரைக் கணக்கு, நான் சொன்ன டைரி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வை. மாசக் கடைசியில் நான் வருகிறேன். மீன் குழம்பு வைக்கிறேன், நீயும் சாப்பிட வேண்டும், எண்ணெய் குறைத்துத்தான் வைப்பேன். அதற்கு முன்னால், இந்தக் கடிதம் கிடைத்ததும் போய் ஓ.பி. சீட்டு போடு. போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் தங்கை